கழிவிலும் ரிஜ்க் உண்டு: பாமாயிலுக்கு மாற்று தேடும் காலத்தில் ஒரு முஃமினின் பார்வை

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இன்று நாம் பேசப்போவது நம் அடுப்பங்கரையில் இருக்கும் எண்ணெயைப் பற்றி. ஜும்ஆ மேடையில் எண்ணெயைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். அல்லாஹு தஆலா தன் திருமறையில் எண்ணெயைப் பேசியிருக்கிறான். அல்முஃமினூன் அத்தியாயத்தின் 20-வது வசனத்தில், தூர்ஸீனா மலையில் முளைக்கும் ஒரு மரத்தைச் சொல்லி, அது எண்ணெயையும் உண்பவர்களுக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளையும் தருகிறது என்று தன் அருட்கொடையாக நினைவூட்டுகிறான். எண்ணெய் ஒரு நிஃமத். அந்த நிஃமத்தைப் பற்றி நாளை கேள்வி உண்டு என்பதை அத்தகாஸுர் அத்தியாயத்தின் கடைசி வசனம் நமக்கு எச்சரிக்கிறது.

நம் தட்டுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

நம் இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதில் மிகப் பெரிய பங்கு பாமாயில். ஆண்டுக்கு ஏறக்குறைய 80, 90 லட்சம் டன் பாமாயில் கப்பலில் வந்து இறங்குகிறது. பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியா நாடுகளிலிருந்து. நம் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கடையில் வாங்கும் பிஸ்கட், மிக்சர், கேக், குளிக்கும் சோப்பு என்று எதை எடுத்தாலும் அதற்குள்ளும் பாமாயில் இருக்க வாய்ப்பு உண்டு.

2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா தன் நாட்டுத் தேவைக்காகப் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 அன்றுதான் மீண்டும் திறந்தது. அந்த மூன்றரை வாரத்திற்குள் இங்கே எண்ணெய் விலை பற்றி வீட்டுக்கு வீடு பேச்சு. எங்கோ ஒரு நாட்டில் கதவு மூடினால் இங்கே நம் பலகாரக் கடையின் அடுப்பு தடுமாறுகிறது என்றால், நம் ரிஜ்க்கின் கயிறு எவ்வளவு தூரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் பனைத் தோட்டங்களுக்காகப் பெருங்காடுகள் அழிந்தன. 2015-ல் அங்கே காடும் கரிசல் சதுப்பும் எரிந்த புகை, சிங்கப்பூர், மலேசியா வரை மூச்சுத் திணற வைத்தது. பூமியில் சீர்திருத்தம் ஏற்பட்ட பிறகு அதில் குழப்பம் செய்யக்கூடாது என்ற அல்அஃராஃப் 56-வது வசனத்தின் கட்டளை மரத்துக்கும் மண்ணுக்கும் சேர்த்துத்தான்.

இன்ஸாஃபோடு பேசுவோம்

இங்கே ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். பாமாயில் ஹராம் அல்ல. தாவர எண்ணெய், ஹலால். ஏழை வீட்டில் தாளிக்கும் வாசனை வருவதற்கு அந்த ஒரு லிட்டர் பாக்கெட்தான் காரணம் என்றால் அதைக் கேவலமாகப் பேச நமக்கு உரிமை இல்லை. அந்தத் தோட்டங்களில் வேலை செய்பவர்களிலும் சிறு விவசாயிகளிலும் லட்சக்கணக்கானோர் நம் முஸ்லிம் சகோதரர்கள்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப் பனை 3 முதல் 4 டன் எண்ணெய் தரும். சோயா அரை டன் அளவுக்குத்தான் தரும். ஆகவே பாமாயிலை விட்டுவிட்டு வேறு பயிருக்கு மாறுவோம் என்றால், அதே அளவு எண்ணெய்க்குப் பல மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலத்துக்காக வேறொரு காடு போகும்.

அப்படியானால் வழி என்ன? புதிதாக ஒரு சென்ட் நிலமும் கேட்காத எண்ணெய் வேண்டும். நாம் ஏற்கெனவே விளைவித்து, தூக்கி எறிந்துகொண்டிருக்கும் பொருளுக்குள்ளே அந்த எண்ணெயைத் தேட வேண்டும். இன்றைய பாடத்தின் மையம் இதுதான்.

அந்நஹ்ல் அத்தியாயம் கற்றுத்தரும் பாடம்

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 66 முதல் 69 வரையுள்ள வசனங்களை இன்று வீட்டுக்குப் போய்த் திறந்து பாருங்கள். தொடர்ந்து மூன்று அத்தாட்சிகளை அல்லாஹ் அடுக்குகிறான்.

முதலாவது, கால்நடை. அதன் வயிற்றில் சாணத்துக்கும் இரத்தத்துக்கும் நடுவிலிருந்து கலப்பில்லாத பாலை நமக்குப் புகட்டுவதாகச் சொல்கிறான். ஒரு பக்கம் கழிவு, மறுபக்கம் இரத்தம். இடையில் குழந்தை குடிக்கும் பால்!

இரண்டாவது, பேரீச்சையும் திராட்சையும். அவற்றிலிருந்து மனிதர்கள் போதையையும் எடுக்கிறார்கள், அழகிய ரிஜ்க்கையும் எடுக்கிறார்கள் என்று சொல்கிறான். இது மது தடைசெய்யப்படுவதற்கு முன் மக்காவில் இறங்கிய வசனம். அப்போதே போதையையும் அழகிய ரிஜ்க்கையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னதில், போதை அழகிய ரிஜ்க் அல்ல என்ற குறிப்பு இருக்கிறது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

மூன்றாவது, தேனீ. பூக்களிலிருந்து எடுத்ததைத் தன் வயிற்றில் மாற்றி மனிதனுக்கு ஷிஃபாவாகத் தருகிறது.

மூன்றிலும் ஒரே விஷயம் நடக்கிறது. ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறுகிறது. மாற்றும் சக்தியை அல்லாஹ் படைப்புக்குள் வைத்திருக்கிறான். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்ற பொறுப்பை மனிதனிடம் விட்டிருக்கிறான். ஒரே பழம், போதையும் ஆகலாம், ரிஜ்க்கும் ஆகலாம்.

அன்னை மைமூனா (ரலி) வீட்டிலிருந்து இரண்டு செய்திகள்

இதை நபி (ஸல்) அவர்கள் வாழ்க்கையில் எப்படிக் காட்டித்தந்தார்கள்? அன்னை மைமூனா (ரலி) அவர்களோடு தொடர்புடைய இரண்டு ஹதீஸ்களைப் பாருங்கள்.

மைமூனா (ரலி) அவர்கள் விடுதலை செய்த ஒரு பெண்ணுக்கு ஸதகாவாக ஓர் ஆடு கிடைத்திருந்தது. அது செத்துவிட்டது. அதைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், இதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். இது செத்ததாயிற்றே என்று தோழர்கள் சொன்னபோது, அதை உண்பதுதான் தடை செய்யப்பட்டது என்று விளக்கினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. எல்லோரும் பிணமாகப் பார்த்த இடத்தில் நபியவர்கள் பயன் தரும் தோலைப் பார்த்தார்கள். உண்ணத் தகாதது என்பதாலேயே ஒரு பொருள் எதற்கும் ஆகாதது ஆகிவிடாது.

இரண்டாவது செய்தியை மைமூனா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். நெய்யில் எலி விழுந்து செத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கப்பட்டது. எலியையும் அதைச் சுற்றியுள்ள நெய்யையும் எடுத்து எறிந்துவிட்டு மீதியை உண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். (புகாரி) கெட்டது எது, நல்லது எது என்று பிரித்தறிந்து, நல்லதைக் காப்பாற்றச் சொன்னார்கள். முழுச் சட்டியையும் கொட்டச் சொல்லவில்லை. உறைந்த நெய்க்கு இந்தச் சட்டம் என்றும், உருகிய எண்ணெயில் விழுந்து நஜீஸாகிவிட்டால் அதை உண்ணாமல் விளக்கெரிக்கப் பயன்படுத்தலாம் என்றும் ஃபிக்ஹு இமாம்கள் பலர் பேசியிருக்கிறார்கள். வாய்க்குப் போகக்கூடாத எண்ணெய் விளக்குக்குப் போகலாம்! இந்த ஒரு மஸ்அலாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம் மாவட்டம் எறிவது என்ன?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி ஒரு விவசாய மாவட்டம். சமவெளியில் நெல்லும் கரும்பும். மேற்கே கல்வராயன் மலையில் சாமை, மரவள்ளி, புளி, கடுக்காய், தேன். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள். ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள். இத்தனை உணவு உற்பத்தியாகும் இடத்தில் இத்தனைக்கும் கழிவு உண்டு. அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: தவிடு, திப்பி, பொரித்து மீந்த எண்ணெய்.

1. தவிடு: இப்போதே கையில் இருக்கும் மாற்று

ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 60 முதல் 80 கிலோ தவிடு வரும். அந்தத் தவிட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு எண்ணெய். ஆக ஒரு டன் நெல்லுக்குள், அரிசிக்கு எந்தக் குறையும் இல்லாமல், 10 கிலோவுக்கும் மேல் எண்ணெய் மறைந்திருக்கிறது. தவிட்டெண்ணெய் என்று கடையில் விற்பது இதுதான். அதிகச் சூட்டிலும் சட்டென்று புகையாது, பொரிக்க ஏற்றது. பாமாயிலில் ஏறக்குறைய பாதி கெட்டிக் கொழுப்பு. தவிட்டெண்ணெயில் அது மிகவும் குறைவு. இதற்காக ஒரு மரம் வெட்ட வேண்டியதில்லை, ஒரு புது வயல் உழ வேண்டியதில்லை.

பிறகு ஏன் எல்லாத் தவிடும் எண்ணெயாவதில்லை? தவிட்டிலேயே லைபேஸ் என்ற ஒரு நொதி இருக்கிறது. நெல்லை அரைத்துத் தோல் உரிந்த உடனே அது எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்திலேயே புளிப்பு ஏறத் தொடங்கும். நாள் கணக்கில் மூட்டையில் கிடந்தால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாமல் சோப்புக்குத்தான் போகும். இங்கே நம் மக்களுக்கு அல்லாஹ் ஓர் அனுகூலம் வைத்திருக்கிறான். நாம் புழுங்கல் அரிசி உண்பவர்கள். நெல்லை அவிக்கும்போது அந்த நொதி பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது. அதனால் புழுங்கல் தவிடு பச்சரிசித் தவிட்டை விட நிற்கும். எண்ணெயும் கூடுதலாகத் தரும். எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் தவிடு மாட்டுத் தீவனமாகிறது. மாட்டின் பங்கும் போகவில்லை, மனிதனின் பங்கும் வீணாகவில்லை.

அரிசி ஆலை நடத்தும் சகோதரர்களே! தவிட்டை மழைபடும் கொட்டகையில் குவித்து வைக்காமல் உடனுக்குடன் எண்ணெய் ஆலைக்கு அனுப்புவது வெறும் வியாபார சாமர்த்தியம் அல்ல. நிய்யத் வைத்தால் அது அமானிதத்தைக் காப்பது.

2. திப்பி: நாளைய மாற்று

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கிழங்கை அரைத்து மாவுப்பாலை வடித்த பின் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். ஆலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், களத்தில் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். மழைக்காலம் என்றால் புளித்த நாற்றம் ஊரைத் தூக்கும். மாட்டுத் தீவனமாக மலிவு விலைக்குப் போகும். ஆனால் காய்ந்த திப்பியின் எடையில் பாதிக்கும் மேல் இன்னும் மாவுச்சத்துதான்!

இந்த மாவுச்சத்தை எண்ணெயாக்க முடியுமா? முடியும். அல்லாஹ் படைத்த நுண்ணுயிர்களில் ஒருவகை ஈஸ்டுகள் உள்ளன. அவற்றுக்குச் சர்க்கரையை நிறையக் கொடுத்து, நைட்ரஜன் சத்தை மட்டும் குறைத்துவிட்டால், அவை பெருக முடியாமல் தின்றதையெல்லாம் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும். அதிகமாகத் தின்று உழைக்காத மனிதனுக்கு வயிறு வைப்பது போலத்தான். சில வகைகளில் உடல் எடையில் பாதிக்கும் மேல் எண்ணெயாகிவிடும். அந்த எண்ணெயின் தன்மை பாமாயிலுக்கு நெருக்கமானது. முதலாம் உலகப்போரில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோதே ஜெர்மனியில் இதை முயன்றார்கள். இன்று இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் உணவுக் கழிவிலும் வைக்கோலிலும் இத்தகைய ஈஸ்டை வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் நோபாம் இன்கிரீடியன்ட்ஸ் என்ற நிறுவனம் உருளைக்கிழங்குத் தோல் போன்ற உணவுத் தொழிற்சாலைக் கழிவைப் பயன்படுத்துகிறது. அமெரிக்காவில் சி16 பயோசயின்சஸ் என்ற நிறுவனம் 2022-ல் ஈஸ்ட் எண்ணெயை முதலில் அழகு சாதனப் பொருளாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மரவள்ளி மாவிலும் அதன் கழிவிலும் இவ்வகை ஈஸ்டை வளர்த்து ஆய்வுக்கூடங்களில் எண்ணெய் எடுத்திருக்கிறார்கள்.

ஏன் இது இன்னும் நம் கடைக்கு வரவில்லை? கணக்கு இடிக்கிறது. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 5 கிலோ சர்க்கரை செலவாகும். சர்க்கரையை விலை கொடுத்து வாங்கினால் பாமாயில் விலையோடு போட்டி போட முடியாது. தொட்டி, காற்று, மின்சாரம் என்று செலவும் உண்டு. ஆனால் அந்தச் சர்க்கரை நாம் நாற்றமடிக்க விடும் திப்பியிலிருந்தும், சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்தும் வந்தால் கணக்கு மாறத் தொடங்கும். அதனால்தான் உலகம் கழிவைத் தேடுகிறது. நம் மாவட்டத்தில் அந்தக் கழிவு லாரி லாரியாக இருக்கிறது.

ஒரே ஊறல், இரண்டு பாதைகள்

அன்புச் சகோதரர்களே! இந்த இடத்தில் ஒரு வேதனையைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே தெருவில் வரிசையாக ஜனாஸாக்கள், பாடைகள். தகப்பனையும் தாயையும் சேர்த்து இழந்த பிள்ளைகளும் உண்டு. இறந்தவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் அவர்கள் நம் அண்டை வீட்டார். அந்தக் குழந்தைகளின் கண்ணீர் நம் மாவட்டத்தின் கண்ணீர்.

கல்வராயன் மலையின் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் சாராய ஊறலைத்தான் சொல்கிறார்கள். மலைவாழ் மக்கள் எல்லோரையும் அப்படிப் பேசுவது அநியாயம். பெரும்பாலோர் கிழங்கு தோண்டியும் புளி உலுக்கியும் வெளியூருக்குக் கூலிக்குப் போயும் பிழைக்கும் ஏழைகள். விளைந்ததற்கு நல்ல விலை இல்லாத இடத்தில்தான் ஷைத்தான் தன் வியாபாரத்தை விரிக்கிறான்.

இப்போது அந்நஹ்ல் 67-வது வசனத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வெல்லமும் பழமும் ஊறலில் கிடந்து ஒருவகை ஈஸ்டால் போதையாகிறது. அதே சர்க்கரை, காற்று தாராளமாகக் கிடைக்கும் தொட்டியில், வேறுவகை ஈஸ்டால் எண்ணெயாகிறது. இரண்டும் நொதித்தல்தான். ஒன்று பிள்ளைகளை எத்தீமாக்கும். மற்றொன்று அடுப்பை எரியவைக்கும். ஒரே பொருளிலிருந்து போதையும் வரும், அழகிய ரிஜ்க்கும் வரும் என்று 1400 ஆண்டுகளுக்கு முன் சொன்ன வேதம், நம் மாவட்டத்தைப் பார்த்தே பேசுவது போல் இல்லையா? மதுவை எதிர்த்து மேடையில் பேசுவது கடமை. அந்த மலைக்கு ஹலாலான ஒரு மாற்றுத் தொழில் வர உதவுவதும் அதே கடமையின் மறுபாதி.

இந்த எண்ணெய் ஹலாலா?

இது வரும் கேள்வி. ஈஸ்ட் என்பது பூஞ்சை இனம். ரொட்டி மாவு புளிக்க ஈஸ்ட் சேர்ப்பதை உலமாக்கள் அனுமதித்தே வந்துள்ளனர். ஆகவே திப்பி, தவிடு, உருளைத் தோல் போன்ற சுத்தமான தாவரக் கழிவில், போதையாக மாறாத முறையில் வளரும் ஈஸ்டின் எண்ணெயில் அடிப்படையில் தடை தெரியவில்லை. ஆனால் ஹோட்டல் எச்சில், இறைச்சிக் கழிவு எல்லாம் கலந்த குப்பையில் வளர்த்தால், ஹராமான இறைச்சியும் கொழுப்பும் சேரும் அபாயம் உண்டு. நஜீஸான பொருள் முற்றிலும் வேறொரு பொருளாக மாறிவிட்டால் சட்டம் மாறுமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஹனஃபி மத்ஹபில் இதற்கு விரிவு அதிகம், ஷாஃபிஈ மத்ஹபில் மிகக் குறைவு. எனவே கழிவை ஆரம்பத்திலேயே தரம் பிரிப்பதுதான் மார்க்கத்துக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. இத்தகைய பொருள் நம் சந்தைக்கு வரும்போது, எதில் வளர்த்தார்கள் என்று கேட்கும் உரிமையும் பொறுப்பும் நமக்கு உண்டு.

3. பொரித்து மீந்த எண்ணெய்: இன்றே நிறுத்த வேண்டிய பாவம்

மூன்றாவது கழிவு நம் வீட்டிலும் கடையிலும் இருக்கிறது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கேடான சேர்மங்கள் கூடுகின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல், எண்ணெயில் போலார் சேர்மங்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டமாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் ரூக்கோ என்ற திட்டத்தையும் தொடங்கியது.

ஆனால் நடப்பது என்ன? பெரிய கடையில் கறுத்துப்போன எண்ணெய் குறைந்த விலைக்குச் சின்னக் கடைக்குப் போகிறது. அங்கே புது எண்ணெயோடு கலந்து மீண்டும் கொதிக்கிறது. வாங்கித் தின்பவன் கூலிக்காரன், பள்ளிப் பிள்ளை.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னான். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவனுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று நபியவர்கள் அறிவித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்லிமில் உள்ளது. நனைந்த தானியத்துக்கே இந்த எச்சரிக்கை என்றால், பிறர் வயிற்றில் நோயை ஊற்றும் கறுத்த எண்ணெய்க்கு என்ன பதில் சொல்வோம்? நம் கடைப் பலகையில் ஹலால் என்று எழுதியிருக்கிறோம். கோழி அறுத்த முறை மட்டும் ஹலாலாக இருந்தால் போதுமா? அது பொரிந்த எண்ணெயும் தூய்மையானதாக இருக்க வேண்டாமா? அல்லாஹ் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்லியிருக்கிறான் (2:168).

இங்கேதான் முன்பு சொன்ன விளக்கெண்ணெய் மஸ்அலா வருகிறது. வாய்க்கு ஆகாத எண்ணெய் வேறு வேலைக்கு ஆகும். பயோடீசலாகி வண்டியை ஓட்டும். காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து துணி துவைக்கும் சோப்பாகும். சோப்புத் தொழில் பாமாயிலை அதிகம் உறிஞ்சும் தொழில்களில் ஒன்று. நாம் சாக்கடையில் ஊற்றும் எண்ணெய் சோப்பானால் அந்த அளவுக்குப் பாமாயில் மிச்சம். சாக்கடையும் அடைக்காது. கிணறும் ஏரியும் கெடாது.

எல்லாவற்றுக்கும் முதல்: தட்டு

கழிவை எண்ணெயாக்குவது நல்லது என்று கேட்டுவிட்டு, இனி தாராளமாக வீணாக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்தியாவில் வீட்டில் மட்டும் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டில் 275 கிலோ. மூன்று மூட்டை அரிசிக்கும் மேல்!

கீழே விழுந்த ஒரு கவளத்தை எடுத்து, அழுக்கை நீக்கி உண்ணுங்கள், ஷைத்தானுக்கு விட்டுவிடாதீர்கள், உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்று நீங்கள் அறியமாட்டீர்கள் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் வருகிறது. அல்இஸ்ரா 27-வது வசனம் வீண்விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறது. நம் நிக்காஹ் மண்டபங்களின் பின்வாசலில் கொட்டிக் கிடக்கும் பிரியாணியைப் பார்த்த பிறகு, நாம் யாருடைய சகோதரர்கள் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வரிசை இதுதான்: முதலில் வீணாக்காதீர்கள். மீந்தால் மனிதனுக்குக் கொடுங்கள். மனிதனுக்கு ஆகாதது மாட்டுக்கும் கோழிக்கும். அதற்கும் ஆகாதது எண்ணெய்க்கும் எரிபொருளுக்கும் எருவுக்கும். மண்ணில் வீசுவது கடைசி.

நீங்கள் செய்யக்கூடியவை

- வீட்டில் பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். வடிகட்டி ஒரு பழைய கேனில் சேருங்கள்.
- ஜமாஅத் நிர்வாகிகள் மஹல்லாவுக்கு ஒரு பொதுக் கேன் வைத்து, அரசு அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டும் கொடுங்கள். வரும் பணம் பைத்துல்மாலுக்குப் போகட்டும்.
- ரமளானில் வடை, சமோசா போடும் சகோதரர்களே, நோன்பாளியின் வயிற்றுக்குப் பழைய எண்ணெயைக் கொடுக்காதீர்கள்.
- மாத மளிகையில் ஒரு பங்காவது தவிட்டெண்ணெயோ, நம் ஊர்ச் செக்கில் ஆட்டிய கடலை, எள் எண்ணெயோ வாங்கிப் பாருங்கள். எந்த எண்ணெயானாலும் அளவைக் குறையுங்கள்.
- நிக்காஹ் தாவத்தில் தலைக்கணக்குப் போட்டு ஆக்குங்கள். மீந்ததை அன்றைக்கே ஏழைகளுக்குக் கொண்டுசேர்க்கும் இளைஞர் குழுவை முன்கூட்டியே நியமியுங்கள்.
- நுண்ணுயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும் படிக்கும் நம் பிள்ளைகளே, உங்கள் கல்லூரி ஆய்வுக்குப் பொருள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சின்னசேலத்துத் திப்பிக் களம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அங்கே ஒரு கிலோ எண்ணெய் எடுக்கும் வழியைக் கண்டால், அது மலையில் ஓர் ஏழையின் கிழங்குக்கு விலையைக் கூட்டும். இன்ஷா அல்லாஹ், அது உங்களுக்கு ஸதகத்துல் ஜாரியா.

கண்ணியமானவர்களே! ஆலஇம்ரான் 191-வது வசனத்தில், நின்றும் அமர்ந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைத்து, வானம் பூமியின் படைப்பைச் சிந்திக்கும் அறிவாளிகளைப் பற்றி வருகிறது. இவற்றை நீ வீணாகப் படைக்கவில்லை என்று அவர்கள் தம் ரப்பிடம் சொல்கிறார்கள். அவன் எதையும் வீணாகப் படைக்கவில்லை. தவிட்டையும் படைத்தான், திப்பியையும் படைத்தான், கண்ணுக்குத் தெரியாத ஈஸ்டையும் படைத்தான். அவன் வீணாகப் படைக்காததை நாம் வீணாக்காமல் இருப்பதே அந்த வசனத்தை ஓதியதற்கு நாம் காட்டும் சான்று.

யா அல்லாஹ்! எங்கள் உணவிலும் எங்கள் தொழிலிலும் பரக்கத் செய்வாயாக. விரயத்திலிருந்தும் மோசடியிலிருந்தும் எங்களைக் காப்பாயாக. போதையால் சிதைந்த குடும்பங்களுக்கு ஆறுதலையும், எங்கள் மலைக்கும் சமவெளிக்கும் ஹலாலான தொழிலையும் தருவாயாக. எங்கள் பிள்ளைகளின் அறிவை மக்களுக்குப் பயன் தரும் அறிவாக ஆக்குவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.